தட்டணுக்களுக்குப் பக்கத்து வரியையும் படியுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்காசி மாவட்டத்தில் ஓர் அரசு மருத்துவமனையில் 23 ஆண்டுகளாக ஆய்வக நுட்புநராகப் பணி செய்கிறேன். ரத்தம் எடுப்பதும், அதைக் கருவியில் வைத்து எண்ணுவதும், சந்தேகம் வந்தால் கண்ணாடித் தகட்டில் பூசி நுண்ணோக்கியில் பார்ப்பதும் என் வேலை. நான் மருத்துவர் அல்ல. சிகிச்சை பற்றி நான் எழுதுவதெல்லாம் எங்கள் மருத்துவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதும், வார்டில் கண்ணால் பார்த்ததும்தான்.

மழை தொடங்கியதிலிருந்து உங்கள் நாளிதழில் டெங்கு செய்தி வராத நாள் இல்லை. அதற்காக நன்றி. ஆனால் எந்தச் செய்தியை எடுத்தாலும் நோயாளியின் நிலையைச் சொல்ல ஒரே ஓர் அளவுதான் வருகிறது: ரத்தத் தட்டணுக்கள் இத்தனை ஆயிரமாகக் குறைந்தன. அதைப் படித்துப் படித்து ஊர் முழுவதும் அந்த ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. காலை ஏழரை மணிக்கு நான் ஆய்வகக் கதவைத் திறக்கும்போதே வரிசை நிற்கும். ஊசியை எடுப்பதற்குள் கேள்வி வந்துவிடும்: "அம்மா, தட்டு எவ்வளவு இருக்கும்?" மாலையில் அறிக்கையைக் கையில் வாங்கியதும் எல்லாருடைய விரலும் அந்த ஒரு வரியில் போய் நிற்கும். அதற்கு மேலேயும் கீழேயும் அச்சாகியிருப்பதை யாரும் படிப்பதில்லை. என் வீட்டுப் பிள்ளை ஒருத்தியின் அறிக்கையை நானே அப்படித்தான் படித்தேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

என் அக்கா மகளுக்கு 26 வயது. ஜவுளிக்கடை ஒன்றில் வேலை பார்க்கிறாள். சென்ற ஆண்டு ஐப்பசியில் ஒரு ஞாயிறு இரவு அவளுக்குக் குளிர்காய்ச்சல் தொடங்கியது. மறுநாள் 103 டிகிரி. கண்ணை இப்படி அப்படி உருட்டினால் கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்றாள். இடுப்பும் முழங்காலும் கழன்று விழுவதுபோல இருக்கிறது என்றாள். முகம் சிவந்திருந்தது. சளியும் இருமலும் இல்லை. எனக்கு அப்போதே மனதில் பட்டுவிட்டது. பக்கத்து ஊரில் ஒரு தனியார் மருத்துவமனையில் காட்டினார்கள். செவ்வாயன்று ரத்தத்தில் டெங்கு கிருமியின் புரதத்தைத் தேடும் என்.எஸ்.1 பரிசோதனை பாசிட்டிவ். ஹீமோகுளோபின் 9.8, வெள்ளை அணுக்கள் 2,800, தட்டணுக்கள் 1,42,000, பி.சி.வி. 30. வீட்டில் வைத்தே பார்த்துக்கொள்ளலாம், பாராசிட்டமால் மட்டும் கொடுங்கள், நிறையக் குடிக்கக் கொடுங்கள் என்றார் அங்கிருந்த மருத்துவர். அதுவரை எல்லாம் சரி.

இங்கே கொஞ்சம் நிறுத்தி, அந்தக் கடைசி எண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். பி.சி.வி. என்பது ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை விழுக்காடு இடத்தை அடைத்திருக்கின்றன என்ற கணக்கு. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இதைக் கண்ணால் பார்க்கலாம். மயிரிழைபோன்ற கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை ஏற்றி, ஒரு முனையை மெழுகால் அடைத்து, சுழற்றும் கருவியில் 5 நிமிடம் வைப்போம். வெளியே எடுத்தால் அடியில் அடர்ந்த சிவப்பு, நடுவில் நூல்போல ஒரு வெள்ளைக் கோடு, மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்த நீர். சிவப்பு எவ்வளவு உயரம் என்பதை அளவுச் சட்டத்தில் வைத்துப் படிப்போம். டெங்கு வார்டிலிருந்து வரும் குழாய்களில் அந்தச் சிவப்பு ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ஏறி வருவதை நான் பார்த்திருக்கிறேன். இப்போது கருவி ஒரு நிமிடத்தில் எண்ணாக அச்சடித்துத் தருகிறது. வசதிதான், ஆனால் ஏறுவது கண்ணில் படுவதில்லை.

ஏன் ஏறுகிறது? டெங்குவில் நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவர் இளகிவிடுகிறது. ரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியே கசிந்து வயிற்றிலும் நுரையீரலைச் சுற்றியும் தேங்குகிறது. சிவப்பணுக்கள் குழாய்க்குள்ளேயே நின்றுவிடுகின்றன. அடுப்பில் மறந்துவிட்ட குழம்பு சுண்டிப்போவது மாதிரி. குழம்பு கெட்டியாகிவிட்டது என்பதற்காகப் பருப்பு கூடிவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. தண்ணீர் போய்விட்டது என்றுதான் அர்த்தம். டெங்குவில் ஆளைக் கொண்டுபோவது பெரும்பாலும் இந்தக் கசிவுதான். நீர் குறையக் குறைய நாடி மெலிந்து, ரத்த அழுத்தம் சரிந்து, உறுப்புகளுக்கு ரத்தம் போய்ச் சேராமல் அதிர்ச்சி நிலை வருகிறது. பெரிய ரத்தப்போக்கும் பெரும்பாலும் அந்த நிலை நீண்டுவிட்ட பிறகுதான் வருகிறது என்று எங்கள் மருத்துவர் சொல்வார்.

இனி என் அக்கா மகள் கதைக்கு வருகிறேன். வியாழன் இரவு அவளுக்கு வியர்த்துக் கொட்டிக் காய்ச்சல் விட்டது. வெள்ளிக்கிழமை காலை 98.4. வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. அக்கா குலதெய்வத்துக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தாள். அன்று காலை எடுத்த ரத்த அறிக்கையை எனக்குக் கைப்பேசியில் அனுப்பினார்கள். எனக்கு அன்று வரிசையில் 90 பேருக்கு மேல். ஒரு கையில் குழாயைப் பிடித்துக்கொண்டே பார்த்தேன். தட்டணுக்கள் 86,000. "பயப்பட ஒன்றும் இல்லை, டெங்குவில் இதெல்லாம் சாதாரணம்" என்று பதில் அனுப்பிவிட்டு அடுத்தவர் கையில் பட்டையைக் கட்டினேன். அந்தத் தனியார் மருத்துவமனையிலும் காய்ச்சல்தான் விட்டுவிட்டதே, இனி வர வேண்டியதில்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

அதே அறிக்கையில் பி.சி.வி. 36.5. ஹீமோகுளோபின் 11.9. பக்கத்தில் பெண்களுக்கான இயல்பு அளவு 36 முதல் 46 வரை என்று அச்சிட்டிருந்தது. எண் அந்த வரம்புக்குள் இருந்ததால் கருவி எந்தக் குறியும் போடவில்லை. செவ்வாயன்று 30 இருந்தபோது, குறைவு என்று பக்கத்தில் நட்சத்திரம் இருந்தது. வெள்ளியன்று அது மறைந்துவிட்டது. அதைப் பார்த்து அக்கா, மாதுளைச் சாறும் பீட்ரூட்டும் கொடுத்ததில் பிள்ளைக்கு ரத்தம் ஊறிவிட்டது என்று அக்கம்பக்கத்தில் சொல்லி மகிழ்ந்திருக்கிறாள். மூன்று நாளில் யாருக்கும் ரத்தம் அப்படி ஊறாது என்று எனக்குத் தெரியும். 30 என்பது 36.5 ஆனால் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடியிருக்கிறது. கசிவு கணிசமாக நடக்கிறது என்பதற்கு மருத்துவ நூல்கள் சொல்லும் அளவே 20 விழுக்காடு ஏற்றம்தான். இத்தனையும் தெரிந்த நான், அந்த வரியைப் படிக்கவில்லை.

அன்று மாலை ஐந்தரைக்கு வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது சும்மா விசாரிக்கத்தான் அக்காவுக்குப் போன் செய்தேன். வயிறு வலிக்கிறது என்று சுருண்டு படுத்திருக்கிறாள், மத்தியானத்திலிருந்து நான்கு தடவை வாந்தி எடுத்துவிட்டாள், காய்ச்சல் விட்ட அசதி போலிருக்கிறது, தூங்கட்டும் என்று விட்டுவிட்டேன் என்றாள். சிறுநீர் போனாளா என்று கேட்டேன். அக்கா உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, "காலையில் போனதுதான்" என்றாள். எனக்கு அந்த இடத்திலேயே நெஞ்சு அடைத்தது. கைப்பேசியில் பழைய அறிக்கையையும் புதிய அறிக்கையையும் அடுத்தடுத்துத் திறந்து பார்த்தேன். 30. 36.5. பஸ்ஸை விட்டுவிட்டு ஆட்டோவில் போனேன்.

அவள் கையைத் தொட்டேன். வெளியே அத்தனை புழுக்கம். விரல் நுனிகள் மட்டும் ஈரத்துணியைப் பிழிந்து வைத்ததுபோலக் குளிர்ந்திருந்தன. நகத்தை அழுத்திவிட்டால் வெளுத்தது வெளுத்தபடியே நின்றது. நிறம் திரும்ப நேரம் எடுத்தது. "சித்தி, ஒன்றுமில்லை, கொஞ்சம் தூங்கினால் சரியாகிவிடும்" என்றாள். பேச்சு தெளிவாகத்தான் இருந்தது. டெங்கு அதிர்ச்சியில் இது ஒரு பெரிய ஏமாற்று. நினைவு தப்பாது, பேசிக்கொண்டிருப்பார்கள், உள்ளே சரிந்துகொண்டிருக்கும். அரசு மருத்துவமனையில் சேர்த்தபோது ரத்த அழுத்தம் 96/80. மேல் எண் பெரிதாகக் குறையவில்லையே என்று தோன்றும். இரண்டுக்கும் உள்ள இடைவெளியைப் பார்க்க வேண்டும் என்று அங்கிருந்த இளம் மருத்துவர் சொன்னார். இடைவெளி 16. 20-க்கு வந்தாலே அபாயம். அப்போது எடுத்த பி.சி.வி. 41. வயிற்று ஸ்கேனில் பித்தப்பைச் சுவர் தடித்திருந்தது. வலது நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தது.

எடைக்கு இத்தனை மில்லி என்று கணக்கிட்டு, மணிக்கு மணி மாற்றி, உப்புநீர் ஏற்றினார்கள். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பி.சி.வி. பார்த்தார்கள். இரவு 38. விடியற்காலையில் 35. சனிக்கிழமை இரவு 32. ஞாயிறு காலை சிறுநீர் தாராளமாகப் போனது. அந்த ஞாயிறுதான் தட்டணுக்கள் ஆகக் குறைந்த அளவுக்கு இறங்கின: 34,000. அதே நேரத்தில் அவள் கட்டிலில் உட்கார்ந்து, இரண்டு இட்லியைச் சட்னியில் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டு, உள்ளங்கை அரிக்கிறது என்று சொறிந்துகொண்டிருந்தாள். கால்களில் செம்மை படர்ந்து, நடுவே வெள்ளைத் திட்டுகள் தெரிந்தன. அரிப்பும் அந்தத் தடிப்பும் குணமாகி வருவதன் அறிகுறிகள்.

ஆசிரியர் அவர்களே, இந்த இரண்டு நாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தட்டணுக்கள் 86,000 இருந்த வெள்ளிக்கிழமை என் பிள்ளை சாகக் கிடந்தாள். 34,000 இருந்த ஞாயிற்றுக்கிழமை இட்லி கேட்டுச் சாப்பிட்டாள்.

தட்டணுக்கள் முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. ஒரு லட்சத்துக்குக் கீழே வேகமாக இறங்குவது, ஆபத்தான கட்டம் வருகிறது என்பதற்கான அறிவிப்பு. உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டியில் எச்சரிக்கை அறிகுறிகளில் ஆய்வகம் சார்ந்ததாகச் சொல்லப்பட்டிருப்பது ஒன்றே ஒன்று: தட்டணுக்கள் விரைவாகக் குறையும்போதே பி.சி.வி. ஏறுவது. இரண்டும் சேர்ந்து ஒரே அறிகுறி. நாம் அதில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டோம். மற்ற அறிகுறிகளுக்கு ஆய்வகமே வேண்டாம். கடும் வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், வழக்கத்துக்கு மாறான சோர்வு அல்லது நிலைகொள்ளாமை, இவையெல்லாம் ஒரு தாய்க்குத் தெரியக்கூடியவை. மருத்துவர் கைவைத்துப் பார்த்தால் கல்லீரல் வீக்கமும் தெரியும், நீர் கோத்திருப்பதும் தெரியும்.

காய்ச்சலின் போக்கையும் நம் மக்களுக்கு யாரும் சரியாகச் சொல்லவில்லை. பெரும்பாலான காய்ச்சல்களில் உடம்பு தணிந்தால் தேறிவருகிறது என்று பொருள். டெங்குவில் அப்படி இல்லை. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், உடம்புச் சூடு இறங்கும் அந்த நேரத்தில்தான் கசிவு உச்சத்துக்குப் போகிறது. அடுத்த 24 முதல் 48 மணி நேரம்தான் கண்டம். பலருக்கு ஒன்றும் ஆகாமல் அது தாண்டிவிடுகிறது. சிலருக்கு அப்படித் தாண்டுவதில்லை. ஆனால் நம் ஊரில் என்ன நடக்கிறது? காய்ச்சல் அடிக்கும்போது ஆஸ்பத்திரி வாசலிலேயே கிடக்கிறார்கள். விட்ட மறுநாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, ரசம் சோறு கொடுத்து, பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறார்கள். நான் ரத்தம் எடுக்க நாள் குறித்துக் கொடுத்தவர்களில் பலர் அந்த நாளில் வருவதில்லை. போனில் கேட்டால், "அதுதான் காய்ச்சல் விட்டுவிட்டதே அம்மா" என்பார்கள்.

எங்கள் பகுதிக்கு டெங்கு புதிதல்ல. 2012-இல், தென்காசி தனி மாவட்டமாக ஆவதற்கு முன், ஒன்றாக இருந்த திருநெல்வேலி மாவட்டத்தில் கடையநல்லூரும் அதைச் சுற்றிய ஊர்களும் பட்டபாட்டை இங்கே யாரும் மறக்கவில்லை. அந்த ஆண்டு தமிழகத்தில் 12,826 பேருக்கு டெங்கு, 66 பேர் இறப்பு என்பது அரசுக் கணக்கு. 2017-இல் 23,294 பேர், 65 இறப்பு. அந்த நாள்களில் எங்கள் ஆய்வகத்தில் இருந்தது இரண்டு பேர்தான். இரவு பதினொன்றுக்கும் மாதிரிகள் வந்துகொண்டிருக்கும். நிலவேம்புக் குடிநீர் பெரிய அண்டாக்களில் வாசலில் இருக்கும். அதைக் குடிப்பவர்களை நான் ஒருநாளும் தடுத்ததில்லை. பப்பாளி இலைச்சாறு கொடுக்கிறோம் என்பவர்களிடமும் சண்டைக்குப் போனதில்லை. ஆனால் சாறு கொடுத்தாயிற்று, தட்டு ஏறிவிடும் என்று சொல்லி, வயிற்றுவலியோடு கிடக்கும் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்பவர்களிடம் குரலை உயர்த்தியிருக்கிறேன். தட்டணுக்கள் ஏழெட்டு நாளில் தாமாகவே ஏறத் தொடங்கும். கசிவை அந்தச் சாறு நிறுத்தாது.

தட்டணு பயத்தால் நடக்கும் இன்னொரு அவலத்தையும் சொல்ல வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு முன் 9 வயதுப் பையன் ஒருவனின் மாதிரி வந்தது. கருவி 11,000 என்று காட்டியது. நான் அறிக்கையை எழுதாமல் ஊதா மூடிக் குழாயைத் திறந்து, மெல்லிய குச்சி ஒன்றை உள்ளே விட்டுச் சுழற்றிப் பார்த்தேன். குச்சியின் நுனியில் சிலந்தி நூல்போல ஒரு கட்டி ஒட்டிக்கொண்டு வந்தது. பையன் திமிறியதில் ரத்தம் மெதுவாக இறங்கியிருக்கிறது. குழாயைத் தலைகீழாக எட்டுப் பத்து தடவை மெல்லக் கவிழ்த்துக் கலக்க வேண்டும், அவசரத்தில் அது நடக்கவில்லை. உறைந்த நூலுக்குள் தட்டணுக்கள் சிக்கிக்கொண்டன. கருவி எண்ணியது மிச்சத்தைத்தான். மறுபடி எடுத்துப் பார்த்ததில் 1,20,000. ஆனால் அதற்குள் கருவியின் திரையில் தெரிந்த எண்ணை எட்டிப் பார்த்த உறவினர் ஒருவர் வெளியே போய்ச் சொல்லி, பையனின் அம்மா கழுத்துச் சங்கிலியைக் கழற்றி, மதுரைக்கு வண்டி பேசக் கொடுத்துவிட்டார். வாசலில் ஓடிப்போய் நிறுத்தினேன்.

இதற்கு நேர்மாறும் உண்டு. ரத்தசோகை உள்ளவர்கள் பலரின் சிவப்பணுக்கள் சிறுத்துப்போயிருக்கும். சில கருவிகள் அந்தச் சிறு அணுக்களையும் தட்டணுக்கள் என்று எண்ணிவிடும். உண்மையில் குறைவாக இருப்பது இயல்பாகத் தெரியும். அதனால்தான் தகட்டில் பூசிப் பார்ப்பது. எண்ணெய் விட்டுப் பெரிதாக்கிப் பார்க்கும்போது ஒரு பார்வை வட்டத்தில் ஒரு தட்டணு தெரிந்தால் ஏறக்குறைய 15,000 முதல் 20,000 என்று கணக்கு. பத்து வட்டம் பார்த்துச் சராசரி போட்டால் கருவி சொல்வது மெய்யா என்று தெரிந்துவிடும். இந்தப் பத்து நிமிட வேலையைச் செய்ய ஆள் இல்லாத ஆய்வகங்கள்தான் அதிகம். ஆனாலும் வீடு வீடாக அந்த எண்ணை வைத்துத்தான் உயிருக்குக் கணக்குப் போடுகிறார்கள்.

எண் குறைந்ததும் தட்டணு ஏற்றச் சொல்லி மருத்துவர்களை நெருக்குகிறார்கள். 2017-இல் லான்செட் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. எங்கள் தலைமை மருத்துவர் அதை எங்கள் எல்லாருக்கும் விளக்கிச் சொன்னார். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 5 மருத்துவமனைகளில், தட்டணுக்கள் 20,000-க்கு மேல் இல்லாத 372 பெரியவர்களை எடுத்துக்கொண்டார்கள். பாதிப் பேருக்குத் தட்டணு ஏற்றினார்கள், பாதிப் பேருக்கு ஏற்றவில்லை. ரத்தக்கசிவைத் தடுப்பதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஏற்றிக்கொண்டவர்களிடம்தான் ஒவ்வாமை போன்ற தொல்லைகள் கூடுதல். பெரிய ரத்தப்போக்கு இருப்பவர்களுக்கு ஏற்றுவது வேறு விஷயம். எண்ணை மட்டும் பார்த்து ஏற்றச் சொல்லி, மூன்று பைக்கு ஆள் தேடி அலையும் தகப்பன்மாரைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

குளுக்கோஸ் ஏற்றச் சொல்லிக் கெஞ்சுவதும் இதே வகைதான். கசிவு நேரத்தில் அளவறிந்து ஏற்றும் நீர் உயிர் காக்கும். ஆனால் கசிவு நின்று, வெளியே போன நீர் திரும்ப ரத்தத்துக்குள் வரத் தொடங்கிய பிறகும் ஏற்றிக்கொண்டே இருந்தால் நுரையீரலில் கோத்துக்கொண்டு மூச்சு திணறும். எப்போது ஏற்றுவது, எப்போது நிறுத்துவது என்பதற்கும் அந்த பி.சி.வி.தான் வழிகாட்டி. ஏறிய எண் இறங்கி, சிறுநீரும் நன்றாகப் போனால் நிறுத்தும் நேரம் வந்துவிட்டது. ரத்த அழுத்தம் சரிந்துகொண்டிருக்கும்போதே எண் திடீரென்று இறங்கினால் உள்ளே எங்கோ ரத்தம் போகிறது.

மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி விழுங்குவதையும், ஊசி போட்டால்தான் மருத்துவர் என்று நினைப்பதையும் விட்டுவிட வேண்டும். ஐபுபுரூபன், ஆஸ்பிரின், டைக்ளோஃபினாக் எல்லாம் டெங்குவில் ரத்தக்கசிவைக் கூட்டக்கூடியவை. பாராசிட்டமாலையும் அளவுக்குமேல் போடக்கூடாது. டெங்கு ஏற்கெனவே கல்லீரலைத் தொட்டிருக்கும். பெரும்பாலான டெங்கு நோயாளிகளின் அறிக்கையில், கல்லீரல் பாதிப்பைக் காட்டும் இரண்டு அளவுகளில் ஒன்றான எஸ்.ஜி.ஓ.டி. எகிறியிருக்கும், மற்றொன்றான எஸ்.ஜி.பி.டி.யைவிட அது உயர்ந்து நிற்பதுதான் வழக்கம்.

என்.எஸ்.1 நெகட்டிவ் என்ற ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு டெங்குவே இல்லை என்று முடிவு கட்டுவதும் தினம் பார்க்கிறேன். முதல் நான்கைந்து நாள்களுக்குத்தான் அந்தப் பரிசோதனை உதவும். ஐந்தாம் நாளுக்குப் பிறகு, கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளைத் தேடும் ஐ.ஜி.எம். எலைசா பரிசோதனை பார்க்க வேண்டும். ஆறாம் நாள் வந்து என்.எஸ்.1 பார்த்து நெகட்டிவ் என்று போனவர்கள் உண்டு. என்றைக்குக் காய்ச்சல் தொடங்கியது என்று நாங்கள் கேட்பது இதற்காகத்தான். "ஒரு வாரமா இருக்கும்" என்று சொல்லாமல் நாளைச் சரியாகச் சொல்லுங்கள்.

என் மனதை அறுப்பது இன்னமும் அந்த மறைந்துபோன நட்சத்திரம்தான். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை. அவர்களில் பலருடைய பி.சி.வி. நலமாக இருக்கும் நாளிலேயே 28, 30, 32 என்றுதான் இருக்கும். கர்ப்பிணிகளுக்கும் இயல்பாகவே குறைந்திருக்கும். அவர்களில் ஒருத்திக்குக் கசிவு வந்து எண் ஏறினால், ஆபத்தான நேரத்தில்தான் அது "இயல்பு" வரம்புக்குள் வந்து நிற்கும். எல்லாம் சரியாக இருக்கிறது என்று அறிக்கை சொல்லும். அவளுடைய இயல்பு எது என்று அச்சிட்ட வரம்புக்குத் தெரியாது. காய்ச்சலின் முதல் இரண்டு மூன்று நாளில் எடுத்த அவளுடைய சொந்த அறிக்கைக்குத்தான் தெரியும். அதனால் முதல் அறிக்கையைத் தூக்கிப் போடாதீர்கள். அடுத்த முறை எந்த ஆய்வகத்துக்குப் போனாலும் அதைக் கையோடு கொண்டுபோங்கள்.

அக்கா மகள் வீடு திரும்பியதிலிருந்து எங்கள் ஆய்வகத்தில் ஒரு சிறிய மாற்றம் செய்திருக்கிறோம். காய்ச்சல் நோயாளிகளின் அறிக்கையில் பி.சி.வி. எண்ணுக்குப் பக்கத்தில், அவர்களுடைய முதல் எண்ணையும் அதன் தேதியையும் சிவப்பு மையில் கையால் எழுதிக் கொடுக்கிறோம். ஐந்தில் ஒரு பங்கு ஏறியிருந்தால் அறிக்கை வரிசைக்குப் போகாது; நாங்களே கையில் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போகிறோம். ஒரு நோயாளிக்கு அரை நிமிடம் கூடுதலாகிறது. பழைய பதிவேட்டைப் புரட்டித் தேடுவதுதான் சிரமம். இதைக் கணினியே செய்துவிடும். ஒரே நோயாளியின் முந்தைய எண்ணைத் தானாக எடுத்துப் பக்கத்தில் அச்சிடும்படி அரசு ஆய்வகங்களின் மென்பொருளில் ஏற்பாடு செய்யுமாறு சுகாதாரத் துறையை வேண்டுகிறேன். தனியார் ஆய்வகங்களுக்கும் அதைக் கட்டாயமாக்க வேண்டும்.

புறநோயாளிச் சீட்டின் பின்பக்கம் வெற்றாகத்தான் இருக்கிறது. டெங்குக் காலத்தில் மட்டுமாவது அதில் பெரிய எழுத்தில், தமிழில், அந்த எச்சரிக்கை அறிகுறிகளை அச்சிடலாம். கூடவே ஒரு வரி: காய்ச்சல் விட்ட நாளன்றும் மறுநாளும் கட்டாயம் வாருங்கள். கை கால் குளிர்ந்தாலோ, ஆறு மணி நேரம் சிறுநீர் போகாவிட்டாலோ இரவென்று பார்க்காமல் வாருங்கள்.

உங்களிடம் கேட்பது இரண்டு. டெங்கு செய்தி எழுதும் நிருபர்கள் மருத்துவரிடம் தட்டணுக்களைக் கேட்கும்போது பி.சி.வி. எவ்வளவு, காய்ச்சல் விட்டு எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பதையும் கேட்டு எழுதட்டும். நீங்கள் அச்சிடும் வார்த்தைதான் மறுநாள் காலை என் ஜன்னலுக்கு வெளியே கேள்வியாக வந்து நிற்கிறது. மற்றொன்று, கார்த்திகை முடியும் வரை தினமும் அந்த அறிகுறிகளை ஒரு சிறு கட்டத்தில் போடுங்கள். தங்கம் விலை வரும் இடத்துக்குக் கீழே போட்டால் எல்லார் கண்ணிலும் படும். இட நெருக்கடி இருந்தால் என் கடிதத்தைச் சுருக்கிக்கொள்ளுங்கள், 30, 36.5 என்ற இரண்டு எண்களை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஆய்வக நுட்புநர் ஒருவர்,
தென்காசி மாவட்டம்.